பெயர் கேட்காத வகுப்பு

ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க வந்திருக்கும் தங்கச்சிமார்களே, தம்பிமார்களே,

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால் எனக்கு இப்போதெல்லாம் கண் சொக்கிவிடுகிறது. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன சோலி? சன்னலுக்கு வெளியே மேற்கு மலை. அதில் மேகம் இறங்குவதும் ஏறுவதும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் விழிப்பும் இல்லாத, தூக்கமும் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விடுவேன். அங்கே என் பழைய வகுப்பறைகள் எல்லாம் ஒன்றாகிக் கிடக்கும். எந்தப் பிள்ளை எந்த வருடம் என்று பிரிக்க முடியாது. மூக்கு ஒழுகியவன், பென்சிலைத் தின்றவள், 'ஏ ஃபார் ஆப்பிள்' என்றதும் "எங்க டீச்சர்?" என்று கை நீட்டியவன், எல்லாரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருத்தி மட்டும் அந்தக் கூட்டத்தில் கலக்க மாட்டாள். கனிஷ்கா என்று பெயர். உங்களில் ஒருத்தி போனில் கேட்டாளே, வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது என்று, அன்றைக்கு மத்தியானமும் இவள்தான் வந்து நின்றாள். ஆகவே இவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவசரமாகப் படிக்காதீர்கள். எனக்கும் வெரசாகச் சொல்ல வராது.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி போடியில் ஏலக்காய் மண்டிகளுக்குப் பின்தெருவில் இருந்தது. சின்ன பள்ளி. கட்டணம் குறைவு. ஆங்கில மீடியம் என்பதற்காகப் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் உண்டு, வேறு காரணத்துக்காகச் சேர்த்தவர்களும் உண்டு. அந்த வேறு காரணம் இதுதான்: எங்கள் பள்ளிக் கதவு விடிந்ததும் திறக்கும், பொழுது சாய்ந்த பிறகுதான் மூடும். மலை எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் காலையில் ஜீப் ஏறும் முன் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும் ஜீப்பிலிருந்து இறங்கி அப்படியே கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றப் பள்ளிகளில் நாலு மணிக்கே மணி அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

கனிஷ்காவின் அம்மா முருகேஸ்வரியும் அப்படிச் சேர்த்தவள்தான். பக்கத்து ஊரான சிலமலைக்காரி. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், பண்டிகைக்கு வருவான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. எங்கள் பள்ளி இருந்தால் பிள்ளைக்குப் படிப்பு. இல்லாவிட்டால் பிள்ளையும் தினம் தாயோடு மலையேற வேண்டியதுதான்.

நீங்கள் பயிற்சியில் படித்த குழந்தை உளவியலை நானும் படித்தேன், தேனியில் வைத்து நடத்தினார்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குனி, கண்ணைப் பார், சிரி, சின்னப் பரிசு கொடு, பயம் போய்விடும் என்றார்கள். பொய் இல்லை, பெரும்பாலும் பலிக்கும். ஆகவே முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் முட்டி போட்டு உட்காருவேன். கையில் ஒரு மிட்டாய். வெல்லம் வடிகிற குரலில் "வாட் இஸ் யுவர் நேம்?" என்பேன். பதில் சொன்னால் மிட்டாய். இந்த முட்டி போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு. மற்ற டீச்சர்கள் நின்றுகொண்டு கேட்பார்கள், நான் பெரிய உளவியல் நிபுணி, தரையில் உட்கார்ந்து கேட்பேன்.

கனிஷ்காவிடமும் அப்படித்தான் கேட்டேன். அவள் இரண்டு உதட்டையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடிக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். சரி, புதுப் பிள்ளை என்று விட்டேன்.

மறுநாளும் அதே. வாரம் போனது, மாதம் போனது. கைக்குள் மாட்டும் துணிக்கிளி ஒன்று வைத்திருந்தேன், அதை விட்டுக் கேட்கச் சொன்னேன். இன்னும் இனிப்பாகக் கேட்டேன். பெரிய மிட்டாய் காட்டினேன். நான் எவ்வளவு குனிந்தேனோ அவ்வளவுக்கு அவள் உள்ளே போனாள். இத்தனைக்கும் விளையாடும் இடத்தில் தமிழில் பொரிந்து தள்ளுவாள். தமிழ் வகுப்பில் பாட்டுக்குக் கூடவே பாடுவாள். நான் உள்ளே நுழைந்து ஆங்கிலத்தில் வாயெடுத்ததும் அந்த முகம் பூட்டிக்கொள்ளும். எங்கள் பள்ளியில் தமிழைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் என்பதால் நாள் முழுக்க அவள் பூட்டிய பூட்டுதான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேலி பேசினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் மேல் எரிச்சல் வந்தது, அந்த எரிச்சலின் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் தலைமையாசிரியை முருகேஸ்வரியை வரச் சொன்னார்கள். கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், வார்த்தையை நறுக்கென்று போடுவார். இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறவில்லை, இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இதே வகுப்பில் வைத்திருந்தாலும் பயன் இல்லை, வருடக் கடைசியில் வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நல்லது என்று சொன்னார்கள். முருகேஸ்வரி அழவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"வீட்ல வாய மூட மாட்டா டீச்சர். நம்ப மாட்டீக. ஒருநா எங்ககூட ஜீப்புல வந்து பாருங்க."

பேச்சுக்குச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் பிள்ளையை மலைக்குக் கூட்டிப் போவாள் என்று எனக்குத் தெரியும். வர்றேன் என்றேன். டீச்சருக்கு அதெல்லாம் சரிப்படாது, இடுப்பு விட்டுப்போகும் என்றாள். விட்டால் விடட்டும் என்றேன்.

அந்தச் சனிக்கிழமையை என்னால் இன்றுவரை முழுசாக நடந்ததென்று நம்ப முடியவில்லை. ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தி. தூக்குச்சட்டிகள், மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள், தலையில் கட்டிய துண்டு. மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். வண்டி வளையும்போது எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாயும், மறு வளைவில் மறு பக்கம் சாயும், ஒருத்தியும் விழிக்கவில்லை. கீழே போடி இருந்த இடத்தில் போடி இல்லை, வெள்ளையாகப் புகை மட்டும் இருந்தது. நானும் அரைத்தூக்கத்தில்தான் இருந்தேன். அந்தத் தூக்கத்துக்குள் ஒரு குரல் விடாமல் பேசிக்கொண்டே வந்தது.

கனிஷ்காவின் குரல். அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம்தான் பேசினாள். மலைக்கு இட்லி அவிக்கிறார்கள், அதனால்தான் ஆவி வருகிறது என்றாள். அந்த வளைவில் ஒரு குரங்கு இருக்கிறது, அதற்கு ஒரு காது கிடையாது என்றாள். டீச்சருக்கு ஏன் மூக்குத்தி ஒரு பக்கம் மட்டும் என்றாள். நான் வருடம் முழுக்க ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன், இவளோ அள்ளிக் கொட்டுகிறாள். சந்தோசமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அந்த ஜீப்பின் மேல்.

மலை உச்சியில் மாநில எல்லையான மெட்டைத் தாண்டி, மலையாளம் பேசும் பக்கத்துத் தோட்டங்களுக்குள் வண்டி திரும்பியது. மரநிழல், ஈரம், இருட்டு. எஸ்டேட் கேட் வந்ததும் ஜீப் நின்றது. ஒருவரும் எழுப்பாமலே பெண்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். பேச்சு நின்றது. கேட்காரர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். வயசானவர், நல்ல முகம். டிரைவர் என்னைக் காட்டி, டீச்சரும் பிள்ளையும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறாங்க என்று சொன்னார். அவர் தலையாட்டினார். பிறகு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தார். சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார்.

"மோளுடெ பேரெந்தா?" என்று மலையாளத்தில் மகளின் பெயரைக் கேட்டார், அத்தனை பிரியமாக.

கனிஷ்கா இரண்டு உதட்டையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரல் உள்ளே போக முஷ்டி மூடிக்கொண்டது. கண் கீழே போனது.

எனக்கு மலை சுற்றியது. என் வகுப்பறை அந்தக் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குனிவு, அந்தச் சிரிப்பு, அந்த மிட்டாய், புரியாத பாஷையில் அந்த ஒரே கேள்வி. நான் பழகிப் பழகி மெருகேற்றி வைத்திருந்த அத்தனையும் அந்தப் பெரியவரிடம் அப்படியே இருந்தன.

கேட் தாண்டி இறங்கியபின் முருகேஸ்வரி சொன்னாள். எஸ்டேட்டுக்குள் வேலையாட்கள் பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. பிள்ளைகளை வேலைக்கு வைத்தார்கள் என்று கேஸ் வந்துவிடும். ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் வரத்தான் செய்யும், கேட்காரர்களுக்கும் அது தெரியும், சொந்தக்காரர் வீடு என்றால் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் உண்மை பிள்ளை வாயாலேயே வந்துவிட்டால் அவர்கள் மேலே சொல்லியாக வேண்டும். போன வருடம் வேறொரு எஸ்டேட்டில் அப்படி ஒருவர் கேட்டபோது கனிஷ்கா மிட்டாயை வாங்கிக்கொண்டு, பெயரையும் சொல்லி, அம்மாகூட காய் எடுக்க வந்தேன் என்றும் சொல்லிவிட்டாள். சாயங்காலமே முருகேஸ்வரியை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை வீட்டில் அடுப்பெரிந்த நாளும் உண்டு, எரியாத நாளும் உண்டு.

"கோவத்துல அன்னிக்கு சொல்லிட்டேன் டீச்சர். தவள தன் வாயால கெடும்பாக, நீ பேரச் சொன்னியே, அதாண்டி ஆத்தாளுக்கு வேல போச்சுன்னு. ஒரு தடவதான் சொன்னேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டீச்சருகிட்ட சொல்லிராதீக. நாலு வாய்க்குப் போனா இந்த வேலையும் போயிரும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தலைமையாசிரியையிடம் காரணத்தைச் சொன்னால் பிள்ளைக்கு ஒருவேளை இடம் நிலைக்கும். ஆனால் எங்கள் பள்ளியில் பாதித் தாய்மார் அந்த ஜீப்புகளில் போகிறவர்கள், வாட்ஸ்அப் குழு ஒன்று வேறு இருந்தது. ஒரு பேச்சு காலையில் கிளம்பினால் மத்தியானம் மலையேறிவிடும். பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றத் தாயின் சோற்றில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே காரணம் எதுவும் சொல்லாமல் வருடக் கடைசிவரை அவகாசம் மட்டும் கேட்டேன். காரணம் சொல்லாத டீச்சரை யாருக்குப் பிடிக்கும்? தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். சரி, கடைசி வாரம் நானே வந்து கேட்பேன், பதில் சொல்லாவிட்டால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்றார்கள்.

பள்ளியில் பேசலாம், அங்கே ஒன்றும் ஆகாது என்று முருகேஸ்வரி பிள்ளையிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். கனிஷ்கா தலையாட்டுவாள், மறுநாள் உதடு உள்ளே போகும். அவள் புத்திசாலி. அம்மா சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள், அம்மாவுக்கு நடந்ததையோ கண்ணால் பார்த்திருக்கிறாள். எதை நம்புவாள்? நடந்ததால் வந்த பயம், சொன்னதால் போகாது. வேறொன்று நடந்தால்தான் போகும். உளவியல் என்று நான் உருப்படியாகக் கற்றது அந்த ஒன்றைத்தான், அதையும் அவளிடம்தான் கற்றேன்.

மறு திங்கட்கிழமை மிட்டாய் டப்பாவை ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முட்டி போடுவதை நிறுத்தினேன். வகுப்பின் நடுவே தரையில் உட்கார்ந்தேன்.

இனிமேல் இந்த வகுப்பில் டீச்சர் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன், கேட்பதெல்லாம் நீங்கள்தான், பதில் சொல்வது மட்டும்தான் என் வேலை என்றேன். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிய்த்து எடுத்துவிட்டார்கள். வாட் இஸ் யுவர் நேம், வாட் இஸ் யுவர் நேம் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, நான் திரும்பத் திரும்ப என் பெயரைச் சொல்லி, தொண்டை கட்டிப் போனது. பக்கத்து வகுப்பு டீச்சர், பாடம் நடத்தத் தெரியாமல் சந்தைக்கடை போட்டிருக்கிறாள் என்று போய்ச் சொன்னாள். சொல்லட்டும்.

கனிஷ்கா தூணோரம் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முறை நான் பெயரைச் சொல்லும்போதும் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்துக் கூட்டத்தோடு கூட்டமாக உதடு அசைந்தது. பிறகு ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால், முகத்தைக் காட்டாமல், கொசு முனகுவதுபோலக் கேட்டாள். நான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்து, கட்டிப்பிடித்து, வெரிகுட் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். நம் தொழிலில் சில நாள் அதுதான் வேலை.

ஆனாலும் அவள் கேட்பதோடு சரி. பதில் என்று வந்தால் வாய் மூடிக்கொள்ளும். கடைசி வாரம் வந்துவிட்டது.

தலைமையாசிரியை வந்த அன்று காலையிலேயே மேகம் தெருவரை இறங்கியிருந்தது. வெளிச்சம் பாலில் நனைத்த மாதிரி இருந்தது, தூறலும் இல்லை, வெயிலும் இல்லை. மண்டிப் பக்கமிருந்து ஏலக்காய் மணம். முருகேஸ்வரி வேலைக்குப் போகாமல் சன்னலுக்கு வெளியே, தெருவில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

தலைமையாசிரியை கனிஷ்காவை அருகில் அழைத்தார்கள். நல்ல மனதோடுதான், குனிந்து, சிரித்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார்கள்.

உதடு உள்ளே போனது.

எனக்குச் சொல்லிக்கொடுக்க நாக்கு நுனிவரை வந்தது. சொல்லு கனிஷ்கா, மை நேம் இஸ், மை நேம் இஸ். அப்படி நான் எடுத்துக்கொடுத்தால் அவளைச் சுற்றிக் கேட்கிறவர்கள் இரண்டு பேராகிவிடுவோம். நான் போய்த் தலைமையாசிரியையின் காலடியில், தரையில் உட்கார்ந்தேன்.

"மேடம், இந்த வகுப்பில் நாம் கேட்பதில்லை. அவளைக் கேட்க விடுங்கள். நீங்கள் பதில் சொன்னால் போதும்."

அவர்கள் முகம் சுண்டிப்போனது. சோதிக்க வந்தவரையே சோதிக்கச் சொன்னால் யாருக்கும் சுண்டத்தான் செய்யும். எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்காக அவர்களை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

கனிஷ்கா மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

தலைமையாசிரியை தன் பெயரைச் சொன்னார்கள், முழு வாக்கியமாக, ஆங்கிலத்தில்.

கனிஷ்கா நகரவில்லை. அவர்கள் முகத்தையே பார்த்தாள். அங்கே அவள் எதையோ தேடினாள். பிறகு இன்னும் கிட்டே போய், அவர்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தமிழில் கேட்டாள்.

"பேரச் சொல்லிட்டீகளே டீச்சர், இனி ஒங்க அம்மாவ வேலைக்கு வரவேணாம்னு சொல்லிருவாகளா?"

தலைமையாசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். சன்னலைப் பார்த்தார்கள். அங்கே முருகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு புரிந்ததோ, எவ்வளவு புரியவில்லையோ, அவர்கள் குரல் அதுவரை நான் கேட்டிராத குரலாக மாறியது.

"இங்க பேரச் சொன்னா யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆத்தா."

"எங்க அம்மாவ?"

"உங்க அம்மாவையும்தான்."

கனிஷ்கா யோசித்தாள். பிறகு எங்கள் இருவரையும் விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி, கத்திச் சொன்னாள்.

"மை நேம் இஸ் கனிஷ்கா."

முருகேஸ்வரி சட்டென்று திரும்பி, தெருவில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.